வார்டு முழுக்கப் பதினெட்டு

வருஷத்துக்கு இரண்டு முறையாவது என்னைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். உயர்நிலை நான்காம் வகுப்பு மாணவர்களிடம் தாதிமை, அதாவது நர்ஸ் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். எங்கள் மருத்துவமனையில் என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எனக்குத் தமிழ் வரும், பிள்ளைகளைச் சிரிக்க வைக்கத் தெரியும், சீருடையில் பார்க்கவும் சுமாராக இருக்கிறேன் என்று மேலிடத்தில் ஓர் எண்ணம். அதோடு என் கதையும் அவர்களுக்குப் பிடிக்கும். வேறு படிப்புக்கு மாற இடம் கிடைத்தும் மாறாமல் தாதிமையிலேயே தங்கிவிட்டவள் நான். "ஏன் மிஸ் போகலை?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். "ஒரு பேஷண்டோட முகம் மனசுல நின்னுடுச்சு, போக முடியலை" என்பேன். கைதட்டுவார்கள்.

அந்தப் பதிலில் பொய் கிடையாது. ஒரு நோயாளியின் முகம்தான். மீதியைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட. இந்த வருஷம் பிடோக்கில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணின் மனத்தை உடைத்துவிட்ட பிறகுதான் சொன்னேன். சொன்னது அவளிடமே.

நான் தாதிமைக்கு வந்த அழகை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் ஆண்டுத் தேர்வு முடிவு வந்ததும் எந்தெந்தப் படிப்பு வேண்டும் என்று வரிசையாகப் பன்னிரண்டு இடங்களை நிரப்ப வேண்டும். பதினொன்றை வணிகமும் விளம்பரமும் சுற்றுலாவுமாக நிரப்பினேன். பன்னிரண்டாவது இடம் காலியாக இருப்பது கண்ணை உறுத்தியதால் தாதிமையைப் போட்டுவைத்தேன். அதுதான் கிடைத்தது. வேண்டா வெறுப்புக்குப் பிள்ளை பெற்றுக் காண்டாமிருகம் என்று பெயர் வைத்தாளாம் என்பார்களே, அந்த மாதிரிதான் என் முதல் வருஷப் படிப்பு.

முதல் வாரமே விரிவுரையாளர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, இந்தத் தொழிலை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எழுதச் சொன்னார். மக்கள் சேவை என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன், அவளும் மக்கள் சேவைதான். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால்தான் உண்மை வெளியே வரும். ஒருத்தி விமானப் பணிப்பெண் ஆகும் வரைக்கும் இங்கே இருப்பாளாம். இன்னொருத்தியை அவள் அம்மா பிடித்துத் தள்ளியிருந்தார். முதல் வருஷம் நல்ல மதிப்பெண் வாங்கினால் வணிகத் துறைக்கு மாறிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னது எனக்கு வேதவாக்காக இருந்தது. உண்மையிலேயே ஆசைப்பட்டு வந்தவள் எங்கள் கூட்டத்தில் ஒரே ஒரு மலாய்ப் பெண்தான். அவளைக் கிண்டல் செய்தே சாகடித்தோம். அவள் ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு விலகிப் போய், இப்போது வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிறாள். நான் இருக்கிறேன்.

வீட்டிலும் யாருக்கும் பெருமை இல்லை. தஞ்சோங் பகாரில் இருந்த அத்தை ஒருநாள் வந்து, "பெட்பேன் தூக்கறதுக்கா லா இவ்வளவு டியூஷன் வச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா அதற்குப் பிறகு தெரிந்தவர்களிடம் "மக ஹெல்த் சயின்ஸ் படிக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார். கேட்கிறவர்கள் அதை டாக்டர் படிப்பு என்று எடுத்துக்கொண்டால் அவர் திருத்துவதில்லை. நானும் திருத்துவதில்லை. மருத்துவமனைப் பயிற்சி தொடங்கியதும் அம்மா கதவுக்கு உள்ளேயே ஒரு வாளியை வைத்துவிட்டார். சீருடையை அதில் போட்டுத் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சாமி அறைப் பக்கம் போக வேண்டும். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் செய்கிற அதே முறை, வாரத்தில் ஐந்து நாள்.

ஆண்கள் பொது வார்டு ஒன்றில் எனக்கு நான்கு வாரப் பயிற்சி. எங்களைப் போன்ற மாணவர்களுக்குக் கொடுக்கிற வேலை, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளிக்கும் ரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, காய்ச்சல், மூச்சு ஆகியவற்றைப் பார்த்துக் கணினியில் பதிவது. முதல் மூன்றுக்கும் இயந்திரம் உண்டு. மாட்டினால் எண்ணைத் துப்பும். மூச்சுக்கு அந்த வார்டில் இயந்திரம் கிடையாது. மனிதர்தான் எண்ண வேண்டும். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறவள் போல நின்றுகொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை அவருக்குத் தெரியாமல் ஓரக்கண்ணால் பார்த்து, ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும். தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவார்கள். முப்பது பேருக்கு முப்பது நிமிடம். யாருக்கு நேரம் இருக்கிறது?

இரண்டாவது நாளே எனக்கு முந்திய குழு மாணவி ஒருத்தி காதோடு சொல்லிக் கொடுத்தாள். பன்னிரண்டிலிருந்து இருபதுக்குள் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். பதினெட்டு என்று போட்டுவிடு. எனக்குச் சிரிப்பு வந்தது. கணினியில் பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். எலும்பு முறிந்தவர், நுரையீரலில் நீர் கோத்தவர், நாளைக்கு வீட்டுக்குப் போகிறவர், நாளைக்கு இருப்பாரோ மாட்டாரோ என்கிறவர், எல்லோருக்கும் பதினெட்டு. வார்டு முழுக்கப் பதினெட்டு. முப்பது பேரும் ஒன்றாக மூச்சை இழுத்து ஒன்றாக விடுகிற மாதிரி ஒரு வார்டு. அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது.

கடைசி வாரம் ஓர் அண்ணன் வந்து சேர்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமான வேலை பார்க்கிறவர், கிராஞ்சியில் தொழிலாளர்கள் தங்கும் விடுதியில் இருந்தார். இரும்புத் தகடு முழங்காலுக்குக் கீழே கிழித்ததை நான்கு நாள் துணியால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். கால் சிவந்து வீங்கிப் பளபளவென்று இருந்தது. நரம்பு வழியாக மருந்து போய்க்கொண்டிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வாரத்தில் அனுப்பிவிடலாம் என்று டாக்டர்கள் பேசிக்கொண்டார்கள்.

நான் தமிழில் பேசியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கச்சி நம்ம ஊரா?"

"இல்லண்ணே, இங்கேயே பொறந்து வளர்ந்தவ."

"டாக்டருக்குப் படிக்கிறீங்களா?"

இல்லை அண்ணே, நர்சுக்கு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது. வீட்டில், அத்தையிடம், யாரிடமும் கிடைக்காத மரியாதை. "ஆமாண்ணே" என்றேன்.

அன்று மதியமே ஊரில் இருந்த மனைவியை வீடியோ அழைப்பில் கூப்பிட்டுக் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். "இங்க பாரு, நம்ம தமிழ் டாக்டரம்மா. கவலப்படாத." அந்தப் பெண் ஏதோ கழுவிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஈரக் கையோடு கும்பிட்டார். நானும் கையாட்டினேன்.

இரண்டு நாள் கழித்து வணிகத் துறைக்கு மாறுவதற்கான நேர்காணல் எனக்கு வைத்திருந்தார்கள். மாலை நான்கு மணி. மூன்றுக்குள் கிளம்பினால்தான் உடை மாற்றிக்கொண்டு போய்ச் சேர முடியும். மதியப் பதிவுகளை வேகமாக முடித்துக்கொண்டு வந்தேன். அவர் படுக்கைக்கு வந்து இயந்திரத்தை மாட்டினேன். காய்ச்சல் இல்லை, கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் மாத்திரை கொடுத்திருந்தார்கள். நாடித் துடிப்பு சற்று அதிகம். அவர் என் கையைத் தொட்டார்.

"டாக்டரம்மா, காலையிலேருந்து என்னமோ மாதிரி இருக்கு. பாத்ரூம் போய்ட்டு வந்தா... மூச்சு வாங்குது. பேசுனாக்கூட... வாங்குது."

வார்த்தைகளுக்கு நடுவில் அவர் நிறுத்தியதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். நெற்றியில் வேர்வை இருந்தது. அந்த வார்டில் குளிரூட்டி இல்லை, எல்லோருக்கும்தான் வேர்க்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"வலியில அப்படித்தான் இருக்கும்ணே. ரெஸ்ட் எடுங்க."

"நர்சம்மாகிட்ட சொல்லணுமா?"

"வேணாம், நானே சொல்லிடுறேன்."

சொல்லத்தான் நினைத்தேன். பொறுப்புத் தாதி மருந்து வண்டியோடு அறையின் மறுகோடியில் நின்றிருந்தார். முதலில் பதிந்துவிட்டுப் போய்ச் சொல்லலாம் என்று கணினிக்குப் போனேன். ரத்த அழுத்தம் போட்டேன், நாடி போட்டேன், காய்ச்சல் போட்டேன். மூச்சுக் கட்டத்தில் பதினெட்டு போட்டேன். மணி இரண்டே முக்கால். பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். நேர்காணலில் குழுப்பணி பற்றிக் கேட்டார்கள், நன்றாகப் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து வாளியில் சீருடையைப் போடும்போதுதான் ஞாபகம் வந்தது. நாளைக்குக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். செய்யவில்லை.

காலை ஏழு மணிக்குப் போனபோது அவர் படுக்கைக்குப் புது விரிப்பு போட்டிருந்தார்கள். சுவரில் அவருடைய கைப்பேசி சார்ஜர் மட்டும் செருகியபடியே தொங்கியது. விடியற்காலையில் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். காலில் இருந்த கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. அப்படிக் கலக்கும்போது மற்ற எதற்கும் முன்னால் மூச்சுத்தான் வேகமாகும் என்று பாடத்தில் படித்திருந்தேன். தேர்விலும் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

பொறுப்புத் தாதி யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபத்தில் இருந்தார். இரவுப் பணியில் இருந்த பிலிப்பினோ தாதி அந்த அண்ணனைக் கேட்டிருக்கிறார், மூச்சு சிரமமாக இருக்கிறதா என்று. இவர் தெரிந்த ஆங்கிலத்தில், "ஆல்ரெடி டெல் டாக்டர்" என்று சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டே சொன்னாராம். டாக்டர் பார்த்துவிட்டார் என்று அந்தத் தாதியும் விட்டுவிட்டார். இப்போது எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். எந்த டாக்டர்? யாரும் அப்படி ஒரு குறிப்பு எழுதவில்லையே?

எங்கள் பயிற்சி ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திரையில் என் பெயரைக் காட்டினார்.

"நேத்து மதியம் பதினெட்டு. ஒரு நிமிஷம் முழுசா எண்ணினியா?"

"எண்ணினேன்."

"உன்கிட்ட ஏதாவது சொன்னாரா? தமிழ்ல?"

"இல்லை."

இரண்டே வார்த்தை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எனக்கு இரண்டு பருக்கை போதுமாக இருந்தது. ஆசிரியை மறுபடி திரையைப் பார்த்தார். நம்பினார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என் பதினெட்டைத் தோண்டினால் அந்த வார்டில் இருந்த எல்லாப் பதினெட்டுகளையும் தோண்ட வேண்டியிருக்கும். அவர் பக்கத்தை மூடிவிட்டார்.

மதிய இடைவேளையில் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவு வரைக்கும் போனேன். உள்ளே மூன்று படுக்கைகளின் கால்மாடு மட்டும் தெரிந்தது. எது அவருடைய கால் என்று தெரியவில்லை. யாராவது என்ன வேண்டும் என்று கேட்பதற்குள் திரும்பி வந்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமையோடு பயிற்சி முடிந்தது. அடுத்த பயிற்சி வேறு மருத்துவமனை. நம் பொறுப்பில் இல்லாத நோயாளியின் பதிவைத் திறந்து பார்ப்பது குற்றம். விடுதியில் போய் விசாரித்திருக்கலாம்தான். என்னவென்று விசாரிப்பேன், யாரென்று சொல்லிக்கொள்வேன்? அவர் பிழைத்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பயிற்சி அறிக்கையில் எனக்கு "மிக நன்று" போட்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் வணிகத் துறையில் இடம் கிடைத்த கடிதமும் வந்தது. அம்மா சாமிக்கு விளக்கேற்றினார். நான் போகவில்லை என்று சொன்னபோது அப்பா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். காரணம் சொல்ல என்னால் முடியவில்லை. போய்விட்டால் நான் தப்பித்துப் போனவள் ஆகிவிடுவேன். அந்த அண்ணன் யாரோ ஒருத்தியை நம்பினார், அந்த ஒருத்தி எங்கேயோ குளிரூட்டிய அறையில் விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருப்பாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. சேவை மனப்பான்மை என்று பிறகு எல்லோரும் அதற்குப் பெயர் வைத்தார்கள். பயம் என்று வைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா சந்தைக்குக் காய் வாங்கப் போகும்போது, விடுமுறைக்குப் புல்வெளியில் கூடி உட்கார்ந்திருக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். இப்போது அவருக்கு ஐம்பது நெருங்கியிருக்கும். "யாரைத் தேடுற?" என்று என் கணவர் கேட்டால், "சும்மா" என்பேன். முகம் முடிந்ததும் என் கண் தானாக நெஞ்சுக்குப் போய்விடும். எண்ணுவேன்.

இந்த வருஷம் பிடோக்கில் நடந்ததற்கு வருகிறேன். அந்தப் பள்ளியில் தமிழ் மாணவர்களுக்கு மட்டும் தமிழிலேயே பேசச் சொன்னார்கள். இருபத்தைந்து பேர் இருப்பார்கள். உள்ளே நுழையும்போதே முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து வந்து, ஆர்வம் உள்ளவர்கள் நிரப்ப வேண்டிய படிவத்தை என்னிடம் கொடுத்தாள். நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை, அதற்குள் நிரப்பியிருந்தாள். படிக்காமல் கோப்பில் வைத்தேன். மற்றவர்களின் கேள்விகள் எப்போதும் போலத்தான்.

"மிஸ், டாக்டர் சொல்றத செய்றதுதானே நர்ஸ் வேலை?"

"அடுத்தவங்க ஆய் எல்லாம் க்ளீன் பண்ணணுமா மிஸ்? என்னால கேன்னாட் லா."

"நர்சுன்னா கல்யாணம் ஆவாதுன்னு எங்கம்மா சொல்றாங்க."

சிரித்தேன், சிரிக்க வைத்தேன். பிறகு வழக்கமாகச் செய்கிற விளையாட்டு. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் மணிக்கட்டை இன்னொருவர் பிடித்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் மூச்சை எண்ண வேண்டும். நான் கடிகாரம் பார்ப்பேன். ஒரு நிமிடம் முடிந்ததும் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பதினான்கு. இருபத்திரண்டு. "ஏழு மிஸ், இவன் மூச்சே விட மாட்டேங்கிறான்." வகுப்பு சிரித்தது. முன்வரிசைப் பெண்ணிடம் வந்தேன்.

"பதினெட்டு மிஸ்."

அந்த ஒரு நிமிடமும் அவளை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள். தோழியின் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ எண்ணலை."

"எண்ணினேன் மிஸ்."

"ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தே. பதினெட்டுன்னு சொல்றவங்க யாரும் எண்ணினவங்க இல்லை. சும்மா ஒரு நம்பர் சொன்னா ஒரு உயிர் போயிடும், தெரியுமா? இந்த வேலைக்கு நீ சரிப்பட்டு வர மாட்டே."

என் குரல் உயர்ந்திருந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு அதுவும் நின்றது. தமிழாசிரியர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அந்தப் பெண் கழுத்து வரைக்கும் சிவந்துபோய், மெதுவாகச் சொன்னாள்.

"நேரா பார்த்தா தெரிஞ்சிடும்னு நீங்கதான சொன்னீங்க. கண்ணு ஓரத்துல பார்த்தேன்."

அவள் தோழியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நானே எண்ணினேன். ஒரு நிமிடம் முழுவதும். பதினெட்டு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் அரண்டது நான், அடி வாங்கியது அவள். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மிஸ்" என்றாள். மணி அடித்தது, பிள்ளைகள் கலைந்தார்கள், ஆசிரியர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார். அவள் மட்டும் பையை மாட்டிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"நான் பொய் சொல்றேன்னு ஏன் மிஸ் நினைச்சீங்க?"

சொன்னேன். டாக்டரா என்றதற்கு ஆமாம் சொன்னது, நானே சொல்லிடுறேன் என்றது, பதினெட்டு, பிறகு அந்த இரண்டு வார்த்தை, எல்லாம். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருஷம் சுமந்தது அவ்வளவு சின்னதாக இருந்தது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அந்த அங்கிளுக்கு என்ன ஆச்சு?"

"தெரியாதும்மா."

"யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"இப்பத்தான்."

அவள் ஏதாவது ஆறுதல் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன், வெட்கம் இல்லாமல். பதினாறு வயதுப் பிள்ளையிடம். அவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"மிஸ், என் ஃபார்மைத் திருப்பித் தரீங்களா? அம்மாகிட்ட ஒருவாட்டி கேட்டுட்டு அனுப்புறேன்."

அம்மாக்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். கோப்பைத் திறந்தேன். இருபத்தைந்து பேரில் அந்த ஒரு படிவம்தான் வந்திருந்தது. எடுத்துக் கொடுக்கும்போது, ஏன் இந்தத் தொழில் என்ற கேள்விக்கு அவள் உருட்டி உருட்டி எழுதியிருந்தது கண்ணில் பட்டது. தம்பிக்கு ஆஸ்துமா, அவனுக்கு முடியாதபோது மூச்சை எண்ணி அம்மாவிடம் சொல்வது நான்தான், ஆறு வருஷமாக எண்ணுகிறேன், நன்றாக எண்ணுவேன் என்று எழுதியிருந்தாள். அவள் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தேங்க் யூ மிஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள்.